உடன் நடந்தவர்

என் அண்ணி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைத்தான் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "வலது காலை லேசா இழுக்கறியே, சின்ன வயசுல விழுந்தியா?" என்று கேட்டார். விழுந்தது உண்மைதான். ஆனால் வந்ததும் வராததுமாக ஒருத்தி கேட்கிற கேள்வியா அது? எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்த முடிவை இன்னும் முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை.

அவருக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். ஜன்னல் இல்லாத அறை, குளிர் வேறு. உள்ளே ராட்சதக் காந்தம் இருப்பதால் இரும்பு எதுவும் கூடாது. ஊக்கு, ஹேர்பின், சாவி, சில்லறை எல்லாவற்றையும் வாசலில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. வாசலைத் தாண்டியதும் சாவியையும் ஹேர்பின்னையும் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுவார். மறுநாள் காலையில் வீடே சேர்ந்து தேடும்.

என் அண்ணன் ரொட்டி வேன் ஓட்டுகிறவன். காலை ஏழு மணிக்குள் நாற்பது கடைக்கு ரொட்டி இறக்கியாக வேண்டும். எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற அவனுக்கு, எதற்கெடுத்தாலும் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்கிற பெண்டாட்டி. இரண்டு பேரும் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் அவர்களோடு இருப்பவள். கல்யாணம் செய்துகொண்டு, ஆறு வருஷம் ஒத்துவராமல் பார்த்துவிட்டு, மாடி அறைக்குத் திரும்பி வந்தவள். அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஆறு வருஷத்தைவிட மாடி அறை காற்றோட்டமாக இருக்கிறது.

பொறுத்திருப்பதுதான் அண்ணியின் தொழில். ஸ்கேன் என்றால் படுக்க வைப்பார்கள், டமடமவென்று சத்தம் கேட்கும், படம் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் செய்தது கொஞ்சம் வேறு. எலும்பின் நுனியில் வழவழவென்று குருத்தெலும்பு இருக்கிறது. ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று ஊரே புலம்புகிறதே, அதுதான். அது தேய்வதற்கு முன்பே உள்ளுக்குள் கெட்டுப்போக ஆரம்பிக்குமாம். சாதாரணப் படத்தில் அது தெரியாது. தெரிய வைக்க, கை நரம்பில் ஒரு கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றுவார்கள். குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. ஆகவே மருந்து ரத்தத்திலிருந்து முட்டிக்குள் இருக்கும் நீருக்கு வந்து, அங்கிருந்து கசிந்து கசிந்துதான் உள்ளே போக வேண்டும். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்கிற கதையாக, பாதியில் படம் எடுத்தால் அத்தனையும் வீண்.

வெறுமனே காத்திருந்தாலும் போதாது. ஊசி போட்ட கையோடு கால் மணி நேரம் நடக்க வேண்டும், படி ஏறி இறங்க வேண்டும். மூட்டு அசைய அசையத்தான் மருந்து உள்ளே இறங்கும். இதை நோயாளிகளிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். சொன்னவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். முட்டி வலிக்கிறது என்று வந்தவர்களைப் படி ஏறச் சொன்னால் வேறு என்ன செய்வார்கள்?

அதனால் அண்ணி தானே கூட நடந்தார். ஒவ்வொருவரோடும், ஒவ்வொரு தடவையும். அடித்தளத்து நடைபாதையில் போய்த் திரும்பி, இருபத்திரண்டு படி ஏறி, இருபத்திரண்டு படி இறங்கி, கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி. படிவத்தில் முன்பெல்லாம் 'நடந்தாரா?' என்று ஒரு கேள்விதான் இருந்தது. அதை அடித்துவிட்டு 'உடன் நடந்தவர்' என்று ஒரு கட்டம் போட வைத்தவர் அவர்தான். கூட நடந்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் அவருக்கு 'படிக்கட்டு' என்று பட்டப்பெயர். அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். வருஷத்துக்கு மூன்று ஜோடி செருப்பு தேய்கிறது என்று அண்ணன்தான் கோபப்படுவான்.

இந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்த புண்ணியத்தாலோ என்னவோ, தலைமை டெக்னீஷியன் ஓய்வு பெற்றதும் அந்த இடம் அண்ணிக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் தலைமை அறைக்கு ஜன்னல் உண்டு என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இப்போது என் கதை. நான் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவள். என் பகுதியில் பெரும்பாலும் நாலு மாடி, ஐந்து மாடிக் குடியிருப்புகள், லிஃப்ட் கிடையாது. ஒரு நாளைக்கு ஆயிரம் படிக்குக் குறையாது. எனக்கு அந்த வேலை பிடிக்கும். எந்த மாடியில் யார் சண்டை போடுகிறார்கள், யார் வீட்டு நாய் குரைக்க மட்டும் செய்யும், எந்தப் பாட்டுக்காரர் குளியலறையை விட்டு வெளியே வரமாட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு மழை நாளில் ஈரப் படியில் சறுக்கி விழுந்தேன். வலது முட்டி வீங்கியது, வடிந்தது, மறுபடி வீங்கியது. ஆபீசில் மேலதிகாரி சொல்லிவிட்டார்: முட்டி நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பழைய வேலை. இல்லையென்றால் புகார் பிரிவு.

புகார் பிரிவு என்பது பன்னிரண்டு தொலைபேசி உள்ள ஒரு நீள அறை. ஒருவர் மூச்சு விட்டால் அடுத்தவர் மேல் படும். அங்கே போனவர்கள் இரண்டு வருஷத்தில் ஒரே குரலில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எலும்பு டாக்டர் இந்த ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணியின் அறை, அண்ணியின் ஊசி. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஊக்கையெல்லாம் பிடுங்கி டப்பாவில் போட்டார், மருந்தை ஏற்றினார். "வா, நடக்கலாம்" என்று எழுந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து, இயந்திரத்துக்குள் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டி, அவசர மணியை அமுக்கிவிட்டார். அண்ணி ஓடினார். ஓடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயே நடந்துடு. கால் மணி நேரம். படியும் ஏறு" என்றார்.

நான் படி வரைக்கும் போனேன். நாலு படி ஏறினேன். முட்டிக்குள் ஏதோ குத்தியது. கைப்பிடியைப் பிடித்தேன். இப்படிப் பிடித்துக்கொண்டு ஏறுவதை யாராவது பார்த்து எழுதிவைத்தால் புகார் பிரிவு நிச்சயம் என்று தோன்றியது. இறங்கி, படிக்கு அடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். நடப்பது ஏதோ ஒரு சம்பிரதாயம், எங்கள் ஆபீசில் மூன்று பிரதி கேட்பது மாதிரி என்றுதான் நினைத்தேன். கால் மணி கழித்து அண்ணி வியர்த்து விறுவிறுத்து வந்து, "நடந்தியா?" என்றார். "நடந்தேன்" என்றேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு 'உடன் நடந்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

படம் பிரமாதமாக வந்தது. படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர், நாற்பத்துமூன்று வயதில் இப்படி ஒரு குருத்தெலும்பா என்று ஆச்சரியப்பட்டாராம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் அடுத்த வாரமே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வலித்தது. முட்டி நன்றாக இருக்கிறது என்று காகிதமே சொல்லும்போது, வலிக்கு என்ன மரியாதை? இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் மாடியிலிருந்து நான் பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்கியதை அண்ணி பார்த்துவிட்டார். மறுநாள் வேலைக்குப் போய் என் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பாத்திரம் கழுவ, நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நடந்தியா?" என்றார்.

"நடந்தேன்னுதான் சொன்னேனே."

"சொன்னது தெரியும். நடந்தியா?"

நான் தட்டைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி குழாயை மூடிவிட்டு, அவசரமே இல்லாமல் விளக்கினார். நல்ல குருத்தெலும்புக்குள் ஒரு சத்து இருக்கிறது. இரண்டு காந்தங்களின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளுவது மாதிரி, அது இந்த மருந்தை உள்ளே விடாமல் தள்ளும். சத்து போன இடத்தில் மருந்து தாராளமாகப் போய் உட்காரும். ஆகவே மருந்து குறைவாக நுழைந்த முட்டி நல்ல முட்டி. ஆனால் எவ்வளவு நல்ல முட்டியிலும் ஓரத்திலாவது கொஞ்சம் நுழைந்திருக்கும். என்னுடையதில் அதுகூட இல்லை. இருபது வயது ஓட்டக்காரிக்குக்கூட இப்படி ஒரு படம் வந்து அவர் பார்த்ததில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் நப்பாசை விடவில்லை. "அப்ப என் முட்டி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டேன்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டார். "உன் வேலையில ஒரு வீட்டு மீட்டர் நகரவே இல்லன்னா என்ன எழுதுவே?"

"வீடு பூட்டியிருக்கு. இல்லன்னா மீட்டர் பழுது."

"ரெண்டுல எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவே?"

"கதவைத் தட்டிப் பாக்கணும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது. "உக்காந்துதான் இருந்தேன் அண்ணி" என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குழாயைத் திறந்து மிச்சப் பாத்திரத்தைக் கழுவி முடித்தார். மாடிக்குப் போய்ப் படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இனி அந்தத் தெருக்களுக்குப் போக முடியாதே என்று பயமாக இருந்தது. இரண்டில் பயம்தான் பெரிதாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அண்ணி நேராக அறிக்கை எழுதிய டாக்டரிடம் போனார். நான் உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் படத்தை நம்ப வேண்டாம், கூட நடக்காமலே நடந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு கையெழுத்து பொய் என்றால் மற்றவை என்ன என்று கேட்காமல் இருக்க முடியுமா? ஒரு வருஷத்துப் படிவங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். மூன்று மாதம் அண்ணி எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த மூன்று மாதத்துக்குள் தலைமை டெக்னீஷியன் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு அண்ணியைவிட எட்டு வருஷம் இளையவர் ஒருவர் வந்தார்.

இதெல்லாம் அண்ணன் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு என்ன தலையெழுத்து, நாத்தனாரைக் காட்டிக்கொடுத்தால்தான் என்ன, வேலை வேறு வீடு வேறு இல்லையா என்று கத்தினான். அவன் கேட்டது நியாயம். நான் அண்ணியிடம் போய், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகவே கேட்டேன். யாருடைய தயவிலும் இருக்க எனக்குப் பிடிக்காது.

"பொய் சொன்னது நீ" என்றார். "பாக்காததைப் பாத்தேன்னு எழுதினது நான். என்னோடதை நான் சொல்லிட்டேன். உன்னோடது உன் பாடு."

தயவு இல்லை என்று தெரிந்ததும் கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பாசம் என்று பெயர் வைக்க எனக்கு அப்போது மனம் வரவில்லை. இப்போது வைக்கிறேன்.

ஆபீசுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேனுக்கு நாள் குறித்தார்கள். கதையை இழுப்பது எனக்குப் பிடிக்காது, முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது படத்தில் முட்டியின் உள்பக்கம் முழுக்க மருந்து ஊறியிருந்தது. வெளிப்பக்கம் நன்றாக இருந்தது. எலும்பைக் கொஞ்சம் திருத்தி, பாரத்தை நல்ல பக்கத்துக்கு மாற்றினால் பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டலாம், இன்னும் ஒரு வருஷம் படி ஏறியிருந்தால் செயற்கை முட்டிதான் என்றார் எலும்பு டாக்டர். அறுவை சிகிச்சை நடந்தது. ஆயிரம் படி வேலை போயிற்று. இப்போது நான் பன்னிரண்டு தொலைபேசியில் ஏழாவது. ஒரே குரலில் பேச ஆரம்பிக்கவில்லை, எதிர்முனையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது படத்தைப் பற்றி இல்லை. அதற்கு முந்திய கால் மணி நேரத்தைப் பற்றி.

அன்று அண்ணி விடுப்பு போட்டுவிட்டு, நோயாளியின் கூட வந்தவராக வந்திருந்தார். ஊசி போட்டது பயிற்சி முடித்துப் புதிதாகச் சேர்ந்த ஒரு டெக்னீஷியன் பெண். படிவத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு நடக்க வந்தாள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அண்ணி. படிக்குப் பக்கத்தில் அந்த பிளாஸ்டிக் நாற்காலி அப்படியே கிடந்தது. நான் நின்றேன்.

"எழுதிக்கோங்க. போன தடவை நான் நடக்கவே இல்ல. உக்காந்துக்கிட்டு, நடந்தேன்னு எங்க அண்ணிகிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்குக் கை ஓடவில்லை. படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அண்ணியைக் கேட்டாள். என் பேச்சைக் கேட்டு அண்ணி உருகிவிடுவார், வேண்டாம் என்று தடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றால் அது பொய். "கடைசியில குறிப்புன்னு ஒண்ணு இருக்கு பாரு, அங்க எழுது. தேதி போடு" என்றார் அண்ணி. பிறகு என்னிடம் திரும்பி, "பேசிட்டே நிக்காத, நேரம் போகுது" என்றார்.

ஏறினேன். முதல் பத்துப் படிக்கு முதுகை நிமிர்த்திக்கொண்டு, மீட்டர் பையை மாட்டியிருப்பவள் மாதிரி ஏறினேன். வருகிறவர் போகிறவர் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இரண்டாவது சுற்றில் அது முடியவில்லை. ஒவ்வொரு படிக்கும் மருந்து கொஞ்சம் உள்ளே இறங்குகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அது எங்கே போய் உட்காரும் என்பதும் தெரிந்துவிட்ட மாதிரிதான். நான் நன்றாக நடக்க நடக்க என் வேலை என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் மாடிப் பாட்டுக்காரர் போனார், குரைக்கிற நாய் போயிற்று. நடுப்படியில் நின்றேன். மேலே இன்னும் பதினொரு படி இருந்தது. நின்றுவிட்டால் என்னை யாரும் தூக்கிக்கொண்டு போய் ஏற்றப்போவதில்லை. அண்ணி என் பக்கத்துப் படியில் நின்றார். முதுகில் கை வைக்கவில்லை, ஏறு என்று சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே விழுந்த நாளிலிருந்து ஒருவரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன்.

"வலிக்குது அண்ணி."

"தெரியும்" என்றார். "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவரும் ஏறினார்.